வட்டப் பாதைக் கணக்கு: கேட்டதும் சொன்னதும்

கேள்வி: ஐயா, சைக்கிள் சக்கரத்தின் விட்டம் 70 செ.மீ. மணிக்கு 13.2 கி.மீ. வேகத்தில் போனால் நிமிடத்துக்கு எத்தனை சுற்று? மகளுக்குச் சொல்லித்தர வேண்டும்.

பதில்: சுற்றளவு 22/7 × 70 = 220 செ.மீ., அதாவது 2.2 மீ. சக்கரம் ஒரு முறை சுற்றினால் வண்டி நகரும் தூரமும் அதுதான். மணிக்கு 13.2 கி.மீ. என்றால் நிமிடத்துக்கு 220 மீ. ஆக 100 சுற்று. விட்டமோ ஆரமோ 7இன் மடங்காக இருந்தால் 22/7 போடுங்கள், 3.14ஐ வைத்து மல்லுக்கட்ட வேண்டாம்.

கேள்வி: சார், 400 மீ. வட்டப் பாதையில் இருவர் ஒரே இடத்திலிருந்து வினாடிக்கு 5 மீ., 3 மீ. வேகத்தில் ஓடுகிறார்கள். முதலில் எப்போது சந்திப்பார்கள்? ஒரு சுற்றுக்கு ஆகும் 80, 400/3 வினாடி இரண்டுக்கும் மீ.பொ.ம. (மீச்சிறு பொது மடங்கு) எடுத்தால் 400 வினாடி வருகிறது. விடைத்தாளில் 200 என்று இருக்கிறது.

பதில்: போட்டித் தேர்வில் பலரும் சறுக்கும் இடம் இது தம்பி. மீ.பொ.ம. தருவது இருவரும் சேர்ந்து புறப்பட்ட கோட்டுக்கே திரும்பும் நேரம். கேள்வியில் 'சந்திப்பது' என்றுதானே இருக்கிறது? அது பாதையில் எங்கே வேண்டுமானாலும் நடக்கலாம். ஒரே திசையில் ஓடினால், வேகமானவர் மற்றவரைவிட முழுதாக ஒரு சுற்று கூடுதலாக ஓடியிருக்க வேண்டும்: 400 ÷ (5−3) = 200 வினாடி. அதற்குள் ஒருவர் இரண்டரைச் சுற்று, மற்றவர் ஒன்றரைச் சுற்று முடித்திருப்பார். சந்திப்பது தொடக்கக் கோட்டுக்கு நேர் எதிரே. எதிரெதிர்த் திசை என்றால் 400 ÷ 8 = 50 வினாடி.

கேள்வி: 400 மீ. ஓட்டத்தில் இரண்டாவது லேன்காரரை 7.04 மீ. முன்னால் நிறுத்துகிறோம். லேன் அகலம் 1.22 மீ., அதை 2π-ஆல் பெருக்கினால் 7.67 வருகிறதே?

பதில்: நல்ல கேள்வி! முதல் லேனின் நீளத்தை உள்விளிம்பிலிருந்து 30 செ.மீ. தள்ளி அளக்கிறார்கள், மற்ற லேன்களை உள்கோட்டிலிருந்து 20 செ.மீ. தள்ளி. அதனால் இரண்டாவது லேனுக்கு ஆரம் கூடுவது 1.12 மீ. மட்டுமே, 2π × 1.12 = 7.04. மூன்றாவதிலிருந்து லேனுக்கு 7.67 கூட்டிக்கொண்டே போகலாம். நேர்ப்பகுதி இதில் சேராது. மைதானம் பெரிதோ சிறிதோ, இந்த வித்தியாசம் மாறாது.

கேள்வி: கடிகார முள்கள் ஒன்றன்மேல் ஒன்று வருவதும் வட்டப் பாதையில் இருவர் சந்திக்கும் அதே கணக்கா?

பதில்: அதேதான். மணிக்குப் பெரிய முள் 1 சுற்று, சின்ன முள் 1/12 சுற்று. வித்தியாசம் 11/12. ஆகவே 12/11 மணி நேரத்துக்கு ஒரு முறை, அதாவது 65 5/11 நிமிடம். 12 மணி நேரத்தில் 11 முறைதான் சேரும்; 12 என்று எழுதினால் மார்க் போச்சு.