அம்மா, வயிறு வலிக்குது: வாசகர் கேள்விகளும் பதில்களும்

போன இதழில் பிள்ளைகளின் வயிறு பற்றிக் கேளுங்கள் என்று நாலு வரி எழுதினேன், அதற்கு ஒரு சொப்பிங் பேக் நிறையக் கடிதம். பாதிக்கு மேல் ஒரே கேள்விதான், ஊர் மட்டும்தான் வேறு. ஐந்தைப் பொறுக்கி எடுத்திருக்கிறேன். நான் டொக்டர் இல்லை, பிள்ளைகள் வார்டில் பல வருடம் தாதியாக நின்றவள். உங்கள் பிள்ளையைத் தொட்டுப் பார்த்த டொக்டர் வேறு மாதிரிச் சொன்னால் அவர் பேச்சைக் கேளுங்கள்.

கேள்வி: அக்கா, என் மகன் அஞ்சாம் வகுப்பு. ரெண்டு மாசமா பள்ளிக்கூடம் போற நேரத்துல தொப்புளைச் சுத்தி வலிக்குதுன்னு அழுவுறான். ஞாயித்துக்கிழமை ஒண்ணும் இல்ல. ரத்தம், மூத்திரம், ஸ்கேன் எல்லாம் பாத்தாச்சு, எல்லாம் நல்லாருக்காம். அவங்க அப்பா "நடிக்கிறான், ரெண்டு போட்டா சரியாயிடும்"ங்கிறார். குடல்தான் ரெண்டாவது மூளைன்னு டீவியில சொன்னாங்களே, அதுவா இது?
– ஒரு அம்மா, தலவாக்கலை

பதில்: முதலில் உங்கள் வீட்டுக்காரருக்கு: அடிக்க வேண்டாம் அண்ணா, வலி உண்மை. ஸ்கேனில் தெரியாத வலி இல்லாத வலி ஆகிவிடாது. குடல் சுவருக்குள்ளேயே பெரிய நரம்புப் பின்னல் ஒன்று இருக்கிறது, அதற்கும் மூளைக்கும் நடுவில் வேகஸ் என்ற நரம்பு ஓடுகிறது, அந்த நரம்பின் இழைகளில் பெரும்பகுதி கீழிருந்து மேலே சேதி கொண்டுபோகிறவை. சில பிள்ளைகளுக்கு இந்தச் சேதி கூடுதல் சத்தமாகக் கேட்கும். மற்றப் பிள்ளைக்குக் காற்றுப் புரள்வது மாதிரித் தெரிவது இவனுக்கு வலியாகவே தெரியும். பயம், தூக்கக் குறைவு, வெறும் வயிறு மூன்றும் சேர்ந்தால் சத்தம் இன்னும் கூடும். டொக்டர்மார் இதைச் செயல்பாட்டு வயிற்று வலி என்பார்கள். நம் இலங்கைப் பள்ளிப் பிள்ளைகளிடமும் இது நிறைய உண்டு, குழந்தை மருத்துவர்கள் இதை ஆய்ந்து எழுதியிருக்கிறார்கள்.

டீவிக்காரர்கள் சொன்னதில் பாதி சரி. மனநிலையோடு தொடர்புடைய செரட்டோனின் என்ற பொருளில் சுமார் 90 சதவீதம் குடலில்தான் உண்டாகிறது. ஆனால் அது இரத்தம் வழியாக மூளைக்குள் போகாது, குடலின் அசைவைத்தான் நடத்துகிறது. அதனால் "இதைத் தின்றால் பிள்ளை சந்தோஷமாக இருப்பான்" என்று டப்பாவில் எதையாவது விற்றால் வாங்காதீர்கள்.

சரி, அஞ்சாம் வகுப்பு என்கிறீர்கள். புலமைப்பரிசில் பரீட்சை வருடம். காலை ஐந்து மணிக்கு எழுப்பி, குளிரில் ஒரு பிளேன்டீயை மட்டும் ஊற்றி, பள்ளிக்கூடம் முடிந்ததும் வகுப்பு, அது முடிந்ததும் பாஸ்ட் பேப்பர். பெரியவர்களுக்கே வயிற்றைப் பிசையும். வலியைப் பற்றி ஒரு நாளைக்குப் பத்துத் தரம் விசாரிக்காதீர்கள், விசாரிக்க விசாரிக்க அவன் கவனமும் அங்கேயே போகும். அதற்காகத் திட்டவும் வேண்டாம். "வலிக்குது, தெரியும், கொஞ்சம் படு, அப்புறம் போகலாம்" என்று சொல்லிவிட்டு, பத்து நிமிடம் பிந்தினாலும் பள்ளிக்கூடம் அனுப்புங்கள். வீட்டில் வைத்துக்கொண்டால் மறுநாள் இன்னும் கஷ்டம். ராத்திரி ஒன்பது மணிக்குப் படுக்கட்டும், காலையில் ஒரு பிடி அவித்த பயறாவது வயிற்றில் விழட்டும். வகுப்பில் யாராவது அடிக்கிறார்களா, பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்களா என்று நடந்து போகும்போது மெல்லக் கேட்டுப் பாருங்கள், முகத்துக்கு நேரே உட்கார்ந்து கேட்டால் பிள்ளைகள் சொல்லமாட்டார்கள்.

ராத்திரித் தூக்கத்திலிருந்து எழுப்புகிற வலி, எடை குறைவது, மலத்தில் இரத்தம், விடாத வாந்தி, காய்ச்சல், தொப்புளை விட்டு வலது பக்கம் கீழே இறங்கிய வலி, இதில் ஒன்று இருந்தாலும் இந்தப் பதிலை மறந்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கேள்வி: மகளுக்கு நாலு வயசு மிஸ். நாலு நாளைக்கு ஒருக்காதான் வெளிக்குப் போவா, கல்லு மாதிரி வரும், கத்துவா. காலையிலயும் ராத்திரியும் ரொட்டி, பகலுக்குச் சோறு பருப்பு. மரக்கறி தொடமாட்டா. டொக்டர் குடுத்த பாணியக் குடிச்சா போகுது, நிப்பாட்டினா பழையபடிதான்.
– வாசகி, பொகவந்தலாவை

பதில்: இந்த இதழின் பெரிய கேள்வி இதுதான், இருபதுக்கு மேல் இதே கடிதம். ரொட்டியைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது, நான் வளர்ந்ததே ரொட்டியும் கட்டச் சம்பலும்தான், கொழுந்து பறிக்க மலைக்குப் போகிறவளுக்கு விடியற்காலையில் வேறு என்ன செய்ய நேரம்? ஆனால் வெள்ளைக் கோதுமை மாவில் நார்ச்சத்து மிகக் கொஞ்சம். 2 முதல் 5 வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 15 கிராம், 6 முதல் 9 வரை 21 கிராம், 10க்கு மேல் 25 கிராம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் சொன்னது.

இந்த நார் நமக்குச் செரிக்காது. செரிக்காமல் பெருங்குடலுக்குப் போவதால்தான் அங்கே இருக்கிற கோடானுகோடி பக்டீரியாவுக்குச் சாப்பாடு கிடைக்கிறது. அவை அதைப் புளிக்கவைத்துச் சிறு அமிலங்களாக மாற்றும், அதில் பியூட்டிரேட் என்ற ஒன்றைத்தான் பெருங்குடல் சுவர் தின்று வாழ்கிறது. ஆக, நாம் பிள்ளைக்கு ஊட்டுகிறோம் என்று நினைக்கிறோம், உள்ளே இருக்கிற ஒரு கூட்டத்துக்கும் சேர்த்துத்தான் ஊட்டுகிறோம்.

இதற்கு ஓட்ஸ் வாங்கத் தேவையில்லை. அவித்த கடலை, கௌபி, பயறு எதுவானாலும் 100 கிராமில் ஏழு கிராம் அளவு நார் இருக்கிறது. ரொட்டி மாவிலேயே பாதிக்குக் குரக்கன் (கேழ்வரகு) மா கலக்கலாம், தேங்காய்ப் பூவோடு கரட்டைத் துருவிப் போட்டுப் பிசையலாம், நிறம் பார்த்தே ஆசையாகத் தின்பாள். மரக்கறி தொடமாட்டாள் என்கிறீர்கள். நுவரெலியா, வெலிமடைப் பக்கத்துக் கரட்டும் லீக்ஸும் போஞ்சியும் லொறி லொறியாகக் கொழும்புக்குப் போகிறது, நம் பிள்ளைகளின் தட்டில்தான் இல்லை. சரி, அந்தக் கவலை வேறு. பருப்புக்குள் கீரையை மசித்து விடுங்கள். ஒரு புது மரக்கறியைப் பத்துத் தரம் கண்ணில் காட்டினால் பதினோராம் தரம் வாயில் வைக்கும், முதல் தரம் துப்பினதும் "இவளுக்குப் பிடிக்காது" என்று முடிவு கட்டாதீர்கள். பப்பாசி, கொய்யா நல்லது. நார் கூடும்போது தண்ணீரும் கூட வேண்டும். தண்ணீருக்குப் பதிலாகத் தேநீர் கொடுக்காதீர்கள், நாலு வயதுக்கு அது தேவை இல்லை, சாப்பாட்டோடு குடித்தால் இரும்புச் சத்து உடம்பில் சேராமல் தடுக்கும்.

ஆனால் உங்கள் மகளுக்குச் சாப்பாடு மட்டும் போதாது. ஒரு தரம் வலித்தது, அந்தப் பயத்தில் அடக்குகிறாள், அடக்க அடக்க இறுகுகிறது, இறுகினதால் மறுபடி வலிக்கிறது. காலைப் பின்னிக்கொண்டு மூலையில் நிற்பாளே, முக்குகிறாள் என்று நினைப்போம், உண்மையில் அடக்குகிறாள். அதனால்தான் டொக்டர் பாணி கொடுத்தார். நிப்பாட்டினது நீங்கள், அதுதான் பிழை. அடக்கி அடக்கி விரிந்துபோன குடல் பழைய அளவுக்குச் சுருங்க மாதக்கணக்கு ஆகும், டொக்டர் சொல்லும் வரை கொடுங்கள், பழகிப்போய்விடும் என்ற பயம் வேண்டாம். சாப்பிட்டுக் கொஞ்ச நேரத்தில் ஐந்து நிமிடம் கக்கூசில் உட்காரவையுங்கள். கொமட் என்றால் காலுக்கு அடியில் ஒரு கட்டை போடுங்கள், தொங்குகிற காலோடு யாராலும் முக்க முடியாது. போனாலும் போகாவிட்டாலும் ஏச வேண்டாம்.

நான் இதை என் மகளிடம் செய்தேன், ஏசினேன். அவள் பள்ளிக்கூடத்துக் கக்கூசில் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை, அதனால் காலையிலிருந்து இரண்டு மணி வரை அடக்கியிருக்கிறாள் என்பது எனக்குத் தெரிய ஒரு வருடம் ஆனது. நர்ஸ் வீட்டுப் பிள்ளை! உங்கள் பிள்ளைகளின் பள்ளிக்கூடக் கக்கூசை ஒரு தரம் போய்ப் பாருங்கள்.

கேள்வி: சளிக்கு அன்டிபயோடிக் குடுத்தப்புறம் மகனுக்கு வயித்தால போனிச்சு. நல்ல கிருமி பவுடர்னு பாமசியில ஒரு பெட்டி காட்டுனாங்க, விலையக் கேட்டா தலை சுத்துது. தயிர் குடுத்தா பத்தாதா?
– வாசகர், மஸ்கெலியா

பதில்: தம்பி, முதல் கேள்வியே அன்டிபயோடிக் எதற்கு என்பதுதான். சாதாரண சளி வைரஸால் வருவது, அன்டிபயோடிக் அதை ஒன்றும் செய்யாது, ஆனால் குடலில் இருக்கிற பக்டீரியாவை நல்லது கெட்டது பாராமல் வெட்டிப்போடும். அதனால்தான் வயிற்றோட்டம். பெரும்பாலும் தானாக நின்றுவிடும். டொக்டர் எழுதித் தந்த அன்டிபயோடிக்கை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், போன தரம் மிஞ்சினதை இந்தத் தரம் கொடுக்கவும் வேண்டாம்.

பவுடர் எல்லாம் பொய் என்று சொல்லமாட்டேன். சில குறிப்பிட்ட வகைகள் இந்த மாதிரி வயிற்றோட்டத்துக்கு ஓரளவு உதவும். எந்த வகை, எவ்வளவு என்பதை டொக்டர் சொல்லவேண்டும், பாமசிக் கண்ணாடி அலுமாரி சொல்லக்கூடாது. நல்ல பிள்ளைக்குத் தினமும் கொடுக்கத் தேவையே இல்லை. தயிரில் உயிர் இருக்கிறது என்று ரஷ்ய விஞ்ஞானி மெச்னிகோவ் 1900களிலேயே சொல்லிவிட்டார், 1908இல் நோபல் பரிசு வாங்கினவர் (பரிசு தயிருக்கு இல்லை, நோய் எதிர்ப்பு ஆராய்ச்சிக்கு). பாலை நன்றாகக் காய்ச்சி உறைய வைத்த வீட்டுத் தயிர் போதும். கடை யோகட் என்றால் சீனி எவ்வளவு என்று லேபிளைப் பாருங்கள். பழைய சோற்று நீராகாரத்தையும் ஒருவர் கேட்டிருந்தார். நல்லதுதான், ஆனால் நம் குளிரில் தோசை மாவே புளிக்க அடம்பிடிக்கும், சோறு ஒரு ராத்திரியில் ஒழுங்காகப் புளிக்காது. ஊற்றுகிற தண்ணீர் காய்ச்சி ஆறவைத்ததாக இருக்கட்டும், சின்னப் பிள்ளைக்கு வேண்டாம்.

வயிற்றோட்டம் என்றால் அவசரம் தண்ணீர்தான். ஜீவனி என்ற உப்புச் சர்க்கரைத் தூளைப் பாக்கெட்டில் எழுதியிருக்கிற அளவுத் தண்ணீரில் முழுப் பாக்கெட்டாகக் கரையுங்கள், அரைப் பாக்கெட், ஒரு கப் என்று கண்ணளவு வேண்டாம். சாப்பாட்டை நிறுத்தாதீர்கள். கண் குழிவிழுந்தாலோ, ஆறு மணி நேரமாக மூத்திரம் போகாவிட்டாலோ, பிள்ளை சோர்ந்து கிடந்தாலோ உடனே ஆஸ்பத்திரி.

கேள்வி: எங்க காலத்துல மாசத்துக்கு ஒருக்கா வெளக்கெண்ண குடுத்துப் பேதியாக்குவோம், பூச்சியெல்லாம் விழுந்துரும். இப்ப மருமக பள்ளிக்கூடத்துல குடுக்கிற மாத்திரையே போதும்ங்கிறா. பேரப்புள்ள நோஞ்சானா இருக்கான்.
– ஒரு அம்மாயி, மடுல்சீமை

பதில்: அம்மாயி, கோவிச்சுக்காதீங்க, இந்தத் தரம் மருமகள் பக்கம்தான் நியாயம். விளக்கெண்ணெய் புழுவைக் கொல்லாது, பிள்ளையின் உடம்பிலிருந்து தண்ணீரையும் உப்பையும்தான் இறக்கும். பள்ளிக்கூடத்திலும் கிளினிக்கிலும் கொடுக்கிற மெபெண்டசோல், அல்பெண்டசோல் மாத்திரைகள் புழுவையே சாகடிக்கும். நம் தேயிலைத் தோட்டங்களுக்கும் புழுவுக்கும் பழைய பகை. 1916 அளவிலேயே அமெரிக்காவின் ராக்ஃபெல்லர் அமைப்பு இங்கே வந்து தோட்டத்து ஆட்களிடம் கொக்கிப்புழு ஒழிப்பு வேலையை ஆரம்பித்தது. அந்தப் புழு வெறுங்காலின் தோலைத் துளைத்து ஏறும், குடலில் தொங்கி இரத்தம் குடிக்கும். உருண்டைப்புழுவில் ஒரு பெட்டை ஒரே நாளில் இரண்டு லட்சம் முட்டை வரை இடும். அவ்வளவும் மலத்தோடு மண்ணுக்கு வந்து, மண்ணிலிருந்து கைக்கும் கீரைக்கும் போய், மறுபடி வாய்க்கு வரும். மாத்திரை கொடுத்தும் திரும்பத் திரும்பப் பூச்சி வருகிறதென்றால் காரணம் அதுதான்.

நோஞ்சான் என்பதை லேசாக விடாதீர்கள். 2016 நாடளாவிய கணக்கெடுப்பில் ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களில் வயதுக்கு ஏற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுக்க நூற்றுக்கு 17, தோட்டப் பகுதியில் 32. சாப்பாடு குறைவு ஒரு காரணம். அழுக்குத் தண்ணீரில் திரும்பத் திரும்பக் கிருமி போய்க் குடல் சுவர் புண்பட்டால் தின்றதும் ஒழுங்காக உடம்பில் சேராது, அது இன்னொரு காரணம். மலையிலிருந்து குழாய் வழி விழுகிற பீலித் தண்ணீர் ஊற்றுத் தண்ணீர், சுத்தம் என்று நாமே சொல்லிக்கொள்கிறோம், மேல் பக்கத்து லயத்துக் கக்கூஸ் எங்கே இருக்கிறது என்று ஒரு தரம் ஏறிப் பாருங்கள். தளதளவென்று ஒரு நிமிடம் கொதிக்கவிட்டால் போதும். நுவரெலியாவில் உயரத்தால் 94 பாகை அளவிலேயே கொதித்துவிடும், அதுவும் போதும், 2,000 மீற்றருக்கு மேல்தான் மூன்று நிமிடம். சவர்க்காரம் போட்டுக் கை கழுவட்டும், செருப்புப் போடட்டும். பேரனின் கிளினிக் புத்தகத்தை எடுத்துக்கொண்டு கிளினிக் மிஸ்ஸிடம் போய் நிறையும் உயரமும் பார்க்கச் சொல்லுங்கள், வளர்ச்சிக் கோடு கீழே போகிறதா என்று நீங்களே கேளுங்கள், பெரியவர்கள் கேட்டால் பதில் வரும்.

கேள்வி: ரெண்டு மாசக் குழந்தை, தாய்ப்பால் மட்டும்தான். மூணு நாளா வெளிக்குப் போகல. மாமியார் வசம்பு உரசி நாக்குல வைக்கச் சொல்றாங்க.
– புதிய அம்மா, பண்டாரவளை

பதில்: வைக்காதேம்மா. வசம்பு, சீனித் தண்ணி, தேன் எதுவும் வேண்டாம், தேன் ஒரு வயது முடியும் வரை ஆபத்து. தாய்ப்பால் மட்டும் குடிக்கிற குழந்தை ஆறு வாரத்துக்குப் பிறகு சில நாள் போகாமல் இருப்பது வழக்கம்தான். போகும்போது இளகலாகப் போனால், பால் குடித்து எடை ஏறினால் பயமில்லை. உன் பாலில் குழந்தைக்கே செரிக்காத ஒரு வகைச் சர்க்கரை இருக்கிறது, அது அதன் குடலில் இருக்கிற நல்ல பக்டீரியாவுக்கு என்றே சுரப்பது, மாமியாரிடம் இதைச் சொல்லிப் பார். பச்சை நிறத்தில் வாந்தி எடுத்தாலோ, வயிறு வீங்கி இறுகினாலோ, பால் குடிக்க மறுத்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காதே, ராத்திரியானாலும் ஓட்டோவைப் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போ.