அகல டயர் மாட்டும் முன் ரிம்மைப் பாருங்கள்: கேள்வி பதில்

சேலத்தில் டயர், வீல் அலைன்மென்ட் வேலையில் இருபது வருடமாக இருக்கிறேன். "அகலமான டயர் போட்டால் கார் வளைவில் நன்றாக நிற்குமா?" என்று ஒருவர் கேட்டதற்கு, "ரிம்மின் அகலத்தைச் சொல்லுங்கள், அப்புறம் பதில் சொல்கிறேன்" என்று எழுதியிருந்தேன். அதைத் தொடர்ந்து நிறையப் பேர் கேட்டுவிட்டார்கள். ஒவ்வொன்றாகப் பார்ப்போம். அதற்கு முன் எண்களைப் புரிந்துகொள்ளுங்கள்: டயரில் 165/80 ஆர்14 என்றால் அகலம் 165 மி.மீ, பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் 80 சதவீதம், ரிம்மின் விட்டம் 14 அங்குலம். ரிம்மில் 14x5ஜே என்றால் விட்டம் 14, அகலம் 5 அங்குலம்.

கேள்வி: அண்ணா, என்னிடம் இருப்பது 2016 ஸ்விஃப்ட் விஎக்ஸ்ஐ. கம்பெனி டயர் 165/80 ஆர்14, ஸ்டீல் ரிம். ரிம்மில் 14x5ஜே என்று அச்சிட்டிருக்கிறது. வளைவில் கார் தளர்வாகப் போகிறது. இதே ரிம்மில் 195 அகல டயர் போட்டால் சரியாகிவிடும் என்கிறார் கடைக்காரர். போடலாமா?

வேண்டாம் தம்பி. 14 அங்குலத்தில் 195 அகல டயருக்குப் பெரும்பாலும் குறைந்தது 5.5 அங்குல அகலமுள்ள ரிம் வேண்டும். 6 இருந்தால்தான் அது சரியாக உட்காரும். உன்னிடம் இருப்பது 5. கை பலத்தில் மாட்டிவிடலாம், காற்றும் அடித்துவிடலாம், பார்க்கவும் கம்பீரமாக இருக்கும். வளைவில் மட்டும் இப்போது இருப்பதைவிட மோசமாகும்.

காரணம் இதுதான். நீ ஸ்டியரிங்கைத் திருப்பும்போது முதலில் திரும்புவது ரிம். ரிம் டயரின் பக்கச் சுவரைத் தள்ளும், பக்கச் சுவர் பட்டனை, அதாவது ரோட்டில் படும் பள்ளம் வெட்டிய ரப்பர் பகுதியை, தள்ளும், அதற்குப் பிறகுதான் ரோடு காரைத் திருப்பும். பக்கச் சுவர் நிமிர்ந்து நின்றால் இந்தத் தள்ளு உடனே போய்ச் சேரும். குறுகிய ரிம்மில் அகல டயரை மாட்டினால், இரண்டு விளிம்பும் உள்ளே இழுபட்டு, பக்கச் சுவர் பானை வயிறு மாதிரி வெளியே பிதுங்கிவிடும். அந்த வயிறு முதலில் நெளியும், அப்புறம்தான் பட்டன் திரும்பும். நீ "தளர்வு" என்கிறாயே, அது இந்த நெளிவுதான். இருப்பதை இன்னும் கூட்டிக்கொள்ளப் போகிறாய்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். என் பழைய காரின் 5 அங்குல ரிம்மில் 205/60 ஆர்15 போட்டேன். அந்த டயருக்குக் குறைந்தபட்சம் 5.5 வேண்டும். ஏற்காடு ஏறும்போது, இருபது கொண்டை ஊசி வளைவிலும் ஸ்டியரிங்கைத் திருப்பி அரை நொடி கழித்துத்தான் மூக்கு திரும்பியது. இறங்கி வந்ததும் சமதரையில் நிறுத்தி, பட்டனின் குறுக்கே ஓரத்திலிருந்து ஓரம் வரை சாக்பீஸால் தடிமனாகக் கோடு போட்டேன். நேராக ஐம்பது மீட்டர் ஓட்டிவிட்டுப் பார்த்தால் நடுப்பகுதியில் கோடு சுத்தமாக அழிந்திருந்தது. இரண்டு ஓரத்திலும் இரண்டு விரல் அகலத்துக்கு வெள்ளை அப்படியே இருந்தது. 205 மி.மீ அகலத்துக்குக் காசு கொடுத்து வாங்கியிருக்கிறேன், ரோட்டைத் தொட்டதோ நடுப்பகுதி மட்டும். காற்று 33 பி.எஸ்.ஐ, கம்பெனி சொன்ன அளவுதான், அதில் தவறில்லை.

உனக்கு இரண்டு வழி. ரிம் மாற்ற மனமில்லை என்றால் 185/70 ஆர்14 போடு, 5 அங்குல ரிம்மில் ஒழுங்காக உட்காரும், உயரமும் ஐந்து மில்லிமீட்டர்தான் குறையும். செலவு செய்யலாம் என்றால் 15 அங்குலத்தில் 5.5 அல்லது 6ஜே ரிம் வாங்கி 185/65 ஆர்15 போடு. உன் காரின் மேல் மாடலுக்குக் கம்பெனியே கொடுத்த டயர் அளவு அது. 165/80 ஆர்14 விட்டம் 619.6 மி.மீ, இது 621.5. மீட்டரும் பொய் சொல்லாது. என்னைக் கேட்டால் இரண்டாவது வழிதான். பக்கச் சுவர் குட்டையாகும், ரிம் அகலமாகும், இரண்டும் சேர்ந்துதான் நீ தேடும் உறுதியைக் கொடுக்கும்.

கேள்வி: ரிம்மை டேப் வைத்து அளந்தேன், ஆறரை அங்குலம் வந்தது. கடையில் 5.5 என்கிறார்கள். யார் சொல்வது சரி?

கடையில் சொன்னதுதான் சரி. ரிம் அகலம் என்பது வெளி ஓரத்திலிருந்து வெளி ஓரம் அல்ல. டயரின் விளிம்பு உட்காரும் இரண்டு இடங்களுக்கு நடுவே உள்ள தூரம். இரண்டு பக்க உதட்டையும் சேர்த்து அளந்தால் ஏறக்குறைய ஒரு அங்குலம் கூடுதலாகத்தான் வரும். டேப்பை விட்டுவிடுங்கள். அலாய் என்றால் ஈரத்துணியால் கம்பியின் பின்பக்கத்தைத் துடைத்து டார்ச் அடித்துப் பாருங்கள். 15x5.5ஜே, இ.டி. 45 என்பது போல எழுத்து புடைத்து நிற்கும். 15 விட்டம், 5.5 அகலம், ஜே என்பது உதட்டின் வடிவம், இ.டி. எண்ணைப் பற்றிக் கீழே ஒருவர் கேட்டிருக்கிறார். ஸ்டீல் ரிம்மில் காற்று வால்வுக்குப் பக்கத்திலோ நடுத்தட்டிலோ அடித்திருப்பார்கள்.

கேள்வி: எந்த டயருக்கு எத்தனை அங்குல ரிம் என்று எப்படி நினைவில் வைத்துக்கொள்வது?

முதலில் ஒன்று. 185 என்று எழுதியிருப்பது பட்டனின் அகலம் இல்லை. அந்த அளவுக்கென்று வகுத்த ரிம்மில் மாட்டிக் காற்றடைத்தால், ஒரு பக்கச் சுவரிலிருந்து மறு பக்கச் சுவர் வரை உள்ள அகலம். ரிம்மை அரை அங்குலம் மாற்றினால் இந்த அகலம் சுமார் 5 மி.மீ மாறும். அதாவது ரிம்மைச் சொல்லாமல் டயரின் அகலத்தைச் சொல்லவே முடியாது.

நம் ஊரில் அதிகம் ஓடும் அளவுகள் இவை. 165/80 ஆர்14 டயருக்கு 4 முதல் 5.5 வரை. 185/65 ஆர்15க்கு 5 முதல் 6.5. 195/55 ஆர்16க்கு 5.5 முதல் 7. 205/55 ஆர்16க்கு 5.5 முதல் 7.5. 225/45 ஆர்17க்கு 7 முதல் 8.5. டயர் கம்பெனிகளின் அளவுப் பட்டியலில் எல்லா அளவுக்கும் இது இருக்கும், கடையில் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

பட்டியல் கையில் இல்லாத நேரத்துக்கு நான் வைத்திருக்கும் கணக்கு ஒன்று உண்டு. டயர் அகலத்தில் எத்தனை சதவீதம் ரிம் அகலமாக இருக்க வேண்டும்? 80 உயர டயருக்கு (சாய்கோட்டுக்குப் பின் வரும் எண்) 70 சதவீதம், 65க்கு 75, 55க்கு 80, 45க்கு 85. உதாரணமாக 205/55. 205இல் 80 சதவீதம் 164 மி.மீ. 25.4ஆல் வகுத்தால் 6.46. ஆக ஆறரை அங்குல ரிம். பட்டியலிலும் நடு அளவு அதுதான்.

ஹேண்ட்லிங்தான் முக்கியம் என்பவர்கள் அனுமதித்த எல்லைக்குள் நடுவிலோ, அரை அங்குலம் மேலேயோ போகலாம். கீழ் எல்லையில் போய் உட்காராதீர்கள்.

கேள்வி: டயர் அகலமானால் ரோட்டைத் தொடும் பரப்பும் அதிகமாகும், கிரிப்பும் அதிகமாகும். இது சரிதானே சார்?

பாதிதான் சரி. ஒரு சக்கரத்தின் மேல் 300 கிலோ பாரம், காற்று 33 பி.எஸ்.ஐ என்று வையுங்கள். 33 பி.எஸ்.ஐ என்றால் சதுர செ.மீட்டருக்கு 2.3 கிலோ. வகுத்தால் சுமார் 130 சதுர செ.மீ, விரல்களோடு சேர்த்து ஒரு கை பதிகிற இடம். பாரமும் காற்றும் மாறாதபோது டயரை அகலமாக்கினால் இந்தப் பரப்பு பெரிதாக மாறாது, வடிவம்தான் மாறும். நீளமாக இருந்த தடம் குட்டையாகவும் அகலமாகவும் ஆகும். வளைவுக்கு அந்த வடிவம் நல்லது, ஸ்டியரிங் கூர்மையாகும். ஆனால் அந்த அகலத் தடம் முழுவதும் தரையில் படிய வேண்டும், அதற்கு ரிம் ஒத்துழைக்க வேண்டும். என் சாக்பீஸ் கோடு காட்டியது அதைத்தான்.

2017இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் முன் டயரை 245இலிருந்து 305 மி.மீட்டருக்கும், பின் டயரை 325இலிருந்து 405க்கும் அகலப்படுத்தினார்கள். கூடவே ரிம்மையும் அகலமாக்கினார்கள்.

கேள்வி: கிரெட்டா, 215/60 ஆர்17, ரிம் 6.5ஜே. 235/60 ஆர்17 போட ஆசை.

235/60க்கு ரிம் எல்லை 6.5 முதல் 8.5. நீங்கள் நிற்பது கீழ் எல்லையில். விட்டமும் 690இலிருந்து 714 மி.மீ ஆகிறது, மூன்றரை சதவீதம். மீட்டர் 80 காட்டும்போது வண்டி கிட்டத்தட்ட 83இல் போகும். முன் சக்கரத்தை முழுதாகத் திருப்பினால் உள் பிளாஸ்டிக்கில் உரசவும் வாய்ப்புண்டு. ஆசையை 225/60ஓடு நிறுத்திக்கொள்ளுங்கள். 6.5 ரிம் அதற்கு மிகப் பொருத்தம், விட்டமும் இரண்டு சதவீதத்துக்குள் அடங்கும்.

கேள்வி: பட்ஜெட் இரண்டு டயருக்குத்தான் இருக்கிறது. முன்சக்கர இழுவை கார் என்பதால் முன்னால் மட்டும் அகலமாகப் போடலாமா?

தயவுசெய்து செய்யாதீர்கள். முன்பக்கம் நன்றாகப் பிடித்து, பின்பக்கம் பிடிக்காமல் போனால், மழையில் வளைவில் பின்புறம் வெளியே வீசும். முன்புறம் வழுக்கினால் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்துச் சமாளிக்கலாம். பின்புறம் வீசினால் பழகிய டிரைவரே தடுமாறுவார். பணம் சேரும்வரை பொறுத்து நான்கையும் மாற்றுங்கள். இப்போதே இரண்டு வாங்கியாக வேண்டும் என்றால் பழைய அளவிலேயே வாங்கி, புது டயரைப் பின்னால் போடுங்கள்.

கேள்வி: நண்பர் 8 அங்குல ரிம்மில் 185 டயரை இழுத்து மாட்டியிருக்கிறார். ஸ்டியரிங் ரொம்ப ஷார்ப் என்கிறார்.

ஷார்ப்பாகத்தான் இருக்கும், பக்கச் சுவருக்கு நெளிய இடமே இல்லையே. ஆனால் 185/65க்கு மேல் எல்லை 6.5. எட்டில் மாட்டினால் டயரின் விளிம்பு சாய்ந்து உட்காரும். காற்று கொஞ்சம் இறங்கி, ஒரு பள்ளத்தில் பக்கவாட்டாக அடிபட்டால் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். டியூப்லெஸ்ஸில் விளிம்பு கழன்றால் காற்று மொத்தமும் ஒரே நொடியில் போய்விடும். ரிம்மின் உதடும் டயருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால், நம் ரோட்டுக் குழியில் முதல் அடி அதற்குத்தான். நண்பரை அந்த வண்டியில் பைபாஸ் ஏற விடாதீர்கள்.

கேள்வி: 5ஜே, இ.டி. 45 ரிம்மிலிருந்து 6.5ஜே, இ.டி. 40க்கு மாறுகிறேன். இந்த இ.டி. எண்ணைக் கவனிக்க வேண்டுமா?

அவசியம். ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து நட்டு மாட்டும் தளம் எவ்வளவு வெளியே இருக்கிறது என்பதை மி.மீட்டரில் சொல்வது அந்த எண். எண் குறைந்தால் சக்கரம் வெளியே வரும். அகலம் ஒன்றரை அங்குலம் கூடுகிறது, பக்கத்துக்கு 19 மி.மீ. இ.டி. ஐந்து குறைகிறது. ஆக வெளி ஓரம் 24 மி.மீ வெளியே வரும், உள் ஓரம் 14 மி.மீ உள்ளே போகும். சஸ்பென்ஷனுக்கும் டயருக்கும் நடுவே இப்போது எத்தனை விரல் போகிறது என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள். இ.டி. குறைந்து சக்கரத்தின் நடுக்கோடு 5 மி.மீ வெளியே வருவதில் வீல் பேரிங் பாரம் கொஞ்சம் கூடும், பள்ளத்தில் ஸ்டியரிங் கையில் உதைக்கும். ஒரு காருக்கு ஒன்றரை அங்குல ரிம் மாற்றம் பெரிய தாவல். 6ஜே போதும்.

கேள்வி: ஈ.சி.ஆரில் தினமும் போகிறேன். மழையில் அகல டயர் பாதுகாப்பா?

தேங்கிய தண்ணீரில் அகல டயர் சீக்கிரம் மிதக்கும். அதிக அகலத்துக்குத் தண்ணீரை ஒதுக்கித் தள்ள வேண்டியிருக்கிறதே. பட்டனின் பள்ளம் 1.6 மி.மீ வந்தால் மாற்றியே ஆக வேண்டும் என்பது சட்டம். அகல டயர் போட்டவர்கள் 3 மி.மீட்டரிலேயே மாற்றிவிடுங்கள் என்று நான் சொல்வது வழக்கம்.

கேள்வி: காசை மிச்சப்படுத்தத்தானே கம்பெனிகள் ஒல்லி டயர் கொடுக்கின்றன?

விலைக் கணக்கும் மைலேஜ் கணக்கும் அதில் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஒல்லி டயர் என்றால் மோசமான ஹேண்ட்லிங் என்று நினைக்காதீர்கள். 2012இல் வந்த டொயோட்டா ஜிடி86 முழுக்க முழுக்க ஸ்போர்ட்ஸ் கார். அதற்கு 215/45 ஆர்17தான் கொடுத்தார்கள். கார் எங்கே பிடிக்கிறது, எங்கே விடப்போகிறது என்பது ஓட்டுபவரின் கைக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக. மாஸ்டாவின் எம்எக்ஸ்-5 இன்றைய மாடலிலும் 195/50 ஆர்16 உண்டு. ஓட்டி மகிழ்வதற்காகவே செய்த கார்கள் இவை.

கேள்வி: ஐயா, நான் ஏற்கெனவே 5 அங்குல ரிம்மில் 195/65 ஆர்15 போட்டு நான்காயிரம் கிலோமீட்டர் ஓடிவிட்டேன். உங்கள் பதில்களைப் படித்ததும் பயமாக இருக்கிறது. டயரைத் தூக்கிப் போட வேண்டுமா?

டயரைப் போட வேண்டாம் அம்மா, ரிம்மை மாற்றுங்கள். 15x6ஜே கிடைத்தால் இந்த டயருக்கு அளவெடுத்தது போல் இருக்கும். காரின் நட்டு இடைவெளியும் இ.டி. எண்ணும் பழையதோடு பொருந்த வேண்டும். மாற்றும்போது டயரைக் கழற்றுவார்கள் அல்லவா, பக்கத்தில் நில்லுங்கள். உள்பக்கம் கை விட்டு விளிம்பை ஒட்டிய இடத்தைத் தடவச் சொல்லுங்கள். ரப்பர் வெடிப்போ நூல் தெரிவதோ இருந்தால் அந்த ஒரு டயரை மட்டும் ஒதுக்கிவிடுங்கள். பட்டன் நடுவில் அதிகம் தேய்ந்திருந்தால் முன்பக்கம் போட்டுக்கொள்ளலாம். மாட்டிய பிறகு பேலன்ஸிங், அலைன்மென்ட் இரண்டும் செய்துவிட்டு, சாக்பீஸ் கோட்டை ஒருமுறை போட்டுப் பாருங்கள். ஓரம் முதல் ஓரம் வரை ஒரே மாதிரி அழிந்தால் அன்றைக்கே ஊருக்குக் கிளம்பலாம். அதுவரை எழுபதுக்கு மேல் ஓட்டாதீர்கள், காற்றை வாரம் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.