கஞ்சமலைக் கல்லில் சாலிட்டான் ஓடுமா?

அன்புள்ள ஐயா,

காந்தப் பொருள்களில் சாலிட்டான், அதாவது உருக்குலையாமல் ஓடும் தனி அலை, பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்தேன். எங்கள் வீடு இரும்பாலைப் பக்கம். கஞ்சமலைக் கல்லில் காந்தத்தை ஒட்டவைத்து விளையாடி வளர்ந்தவன். அந்தக் கல்லுக்குள்ளும் சாலிட்டான் ஓடுமா? இல்லை, அது தாளில் மட்டும் ஓடுகிற கணக்கா?

எம்.எஸ்ஸி. இயற்பியல் மாணவர், சேலம்

அன்புள்ள தம்பி,

கல்லில் ஓடாது. அதிலிருப்பது மேக்னடைட் என்ற இரும்புத் தாது, அதுவும் குவார்ட்ஸோடு கலந்தது. அதன் ஸ்பின்களில், அதாவது அணுக்களின் நுண்காந்தங்களில், ஒரு பகுதி எதிர்த்திசை பார்க்கும். கழித்தது போக மிச்சம்தான் நம் கைக்குத் தெரியும் காந்தம். போதாததற்கு முப்பரிமாணம், ஆற்றலைத் தின்னும் தணிப்பு வேறு. நான் எழுதிய கணக்கு இந்தத் தொல்லைகள் இல்லாத, ஸ்பின்களின் ஒற்றை வரிசைக்கு உரியது.

அதற்காக அதை ஒதுக்கிவிடாதீர்கள். லாண்டாவும் லிஃப்ஷிட்ஸும் 1935-ல் தந்த சமன்பாட்டின் எளிய வடிவம் இது: ஸ்பின் மாறும் வேகம், ஸ்பினுக்கும் இடத்தைப் பொறுத்த அதன் இரண்டாம் வகைக்கெழுவுக்கும் உள்ள குறுக்குப் பெருக்கல். மாற்றம் எப்போதும் ஸ்பினுக்குச் செங்குத்து. ஆகவே நீளம் மாறாது, திசைதான் திரும்பும்.

பின்னாளில் திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய எம். லட்சுமணன் 1977-ல் செய்தது எனக்கு இன்றும் வியப்பு. ஸ்பினை, அசையும் ஒரு வளைகோட்டின் தொடுவெக்டராக எண்ணினார். ஏற்காடு சாலையில் ஸ்டீயரிங்குக்கு வேலை கொண்டை ஊசி வளைவில்தானே? அதுபோல ஸ்பின்கள் ஒரே திசையில் நிற்கும் இடத்தில் ஆற்றல் இல்லை, திரும்பும் இடத்தில் குவிகிறது. அதன் அடர்த்தி வளைவின் வர்க்கத்துக்கு நேர்விகிதம். வளைவை வீச்சாகவும் (amplitude), முறுக்கின், அதாவது கோடு தன் தளத்தைவிட்டுத் திருகும் அளவின், தொகையீட்டைக் கட்டமாகவும் (phase) வைத்து ஒரு கலப்பெண் சார்பு எழுதினால், அது நேரியலற்ற ஷ்ரோடிங்கர் சமன்பாடு என்ற அலைச் சமன்பாட்டுக்குக் கட்டுப்படுகிறது! அந்தச் சமன்பாட்டை ஜாக்கரோவும் ஷபாத்தும் 1972-லேயே தீர்த்திருந்தார்கள். மோதிய பின்னும் உருக்குலையாத சாலிட்டான்கள் அதில் உண்டு. காந்தச் சங்கிலிக்கும் அவை அப்படியே கிடைத்துவிட்டன.

தாளுக்கு வெளியே என்றால், சீசியம் நிக்கல் ஃபுளூரைடு என்ற காந்தப் படிகம். அதன் நிக்கல் அயனிகள் சங்கிலி சங்கிலியாக அமைந்தவை. 1978-ல் நியூட்ரான் சிதறலில் சாலிட்டானின் தடயம் கண்டதாக அறிவித்தார்கள். அங்கே கணக்கு வேறு, சாலிட்டான் தரும் இன்னொரு சமன்பாடான சைன்-கார்டன். சாலிட்டானா, ஸ்பின் அலைகளின் வேலையா என்று பிறகு வாக்குவாதமும் நடந்தது.

செமஸ்டர் லீவில் வளைகோட்டின் வளைவையும் முறுக்கையும் சொல்லும் ஃப்ரெனே சமன்பாடுகளிலிருந்து தொடங்கி நீங்களே தருவித்துப் பாருங்கள். முறுக்கு காலத்தோடு எப்படி மாறுகிறது என்ற வரியில்தான் கை தடுமாறும். சிக்கினால் எழுதுங்கள்.