கடைக்காரர் நிறுத்திய அப்டேட்

கே: ஜெராக்ஸ் கடை நடத்துகிறேன். ஹால் டிக்கெட் எடுக்கப் பிள்ளைகள் வரிசையில் நிற்கும்போதுதான் கம்ப்யூட்டர் தானாக ரீஸ்டார்ட் ஆகிறது. அப்டேட்டையே நிறுத்திவிடலாமா? (விருத்தாசலம்)

ப: வேண்டாம். செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட், அதற்குள் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், அதில் ஆக்டிவ் ஹவர்ஸ். கடை திறக்கிற, சாத்துகிற நேரத்தைப் போடுங்கள். 18 மணி நேரம் வரை கொடுக்கலாம், அந்த நேரத்தில் தானாக ரீஸ்டார்ட் ஆகாது. ராத்திரி மெயின் சுவிட்சையே அணைத்துவிட்டுப் போகிறவர் என்றால் அதற்கும் வழி உண்டு. மாதாந்திர அப்டேட் இரண்டாவது செவ்வாய் வெளியாகும், நமக்கு அப்போது ராத்திரி 10 மணி தாண்டியிருக்கும். மறுநாள் கடை சாத்தும் முன் நீங்களே 'செக் ஃபார் அப்டேட்ஸ்' அழுத்திவிடுங்கள்.

கே: புது லேப்டாப்புக்கு 'ஸ்பீடு செட்டிங்' என்று கடையில் 800 ரூபாய் வாங்கினார்கள். பார்த்தால் அப்டேட்டை டிஸேபிள் செய்திருக்கிறார்கள். பில்லும் இல்லை. (தேனி)

ப: உங்கள் மேல் தப்பே இல்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வருவது இந்த ஒரு விஷயத்தில்தான். பூட்டைக் கழற்றிவிட்டு, கதவு இப்போது லேசாகத் திறக்கிறது பாருங்கள் என்று கூலி கேட்கிற வேலை இது. 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற பணம் பறிக்கும் வைரஸ் வந்து உலகம் முழுக்கக் கம்ப்யூட்டர்களை முடக்கியதே, அதைத் தடுக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே கொடுத்துவிட்டது. இரண்டு மாதமாக அதைப் போடாமல் இருந்தவர்கள்தான் பெரும்பாலும் மாட்டினார்கள். சரி, ஸ்டார்ட்டில் சர்வீசஸ் என்று தேடி, விண்டோஸ் அப்டேட்டை டிஸேபிள்டிலிருந்து மேனுவலுக்கு மாற்றுங்கள். அப்புறம் கடைக்குப் போய் பில் கேளுங்கள். பில் தராமல் இருப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் போடுங்கள்.

கே: 'உங்கள் டிரைவர்கள் பழையவை' என்று திரையில் வந்தது. 2,400 ரூபாய் கட்டி ஒரு சாஃப்ட்வேர் வாங்கினேன். நல்லதுதானே? (ஆவடி)

ப: இல்லை. டிரைவர் என்பது சவுண்டு, பிரிண்டர் போன்றவற்றை விண்டோஸோடு பேச வைக்கும் சாஃப்ட்வேர். நானும் ஒரு தடவை இதே மாதிரி ஒன்றை வாங்கி, சவுண்டு போய், அதைச் சரிசெய்ய இன்னொரு 500 அழுதேன், அடுத்த வருடமும் கார்டிலிருந்து தானாகப் பணம் எடுத்த பிறகுதான் புத்தி வந்தது. அன்இன்ஸ்டால் செய்யுங்கள், ஆட்டோ டெபிட்டை இன்றே ரத்து செய்யுங்கள். பெரும்பாலான டிரைவர்கள் விண்டோஸ் அப்டேட்டிலேயே இலவசமாக வரும்.

கே: போன மாதம் செகண்ட் ஹேண்டில் விண்டோஸ் 10 லேப்டாப் வாங்கினேன். 'லைஃப்டைம் அப்டேட்' என்றார் கடைக்காரர். (சேலம்)

ப: விற்கிறவர் வேறென்ன சொல்வார்? விண்டோஸ் 10-க்கான சப்போர்ட் 2025 அக்டோபர் 14-லேயே முடிந்தது, ஊரெல்லாம் பேசிய செய்தி. இன்டெல் என்றால் 8-ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசஸரா, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் விண்டோஸ் 11 இலவசம். இல்லையென்றால் எனக்கு எழுதாதீர்கள், அவரிடம் போங்கள்.

கே: மொபைல் ஹாட்ஸ்பாட் டேட்டா காலையிலேயே தீர்ந்துவிடுகிறது. (நாகர்கோவில்)

ப: அந்த வைஃபையின் ப்ராப்பர்டீஸில், டேட்டாவை அளந்து செலவழிக்கச் சொல்லும் மீட்டர்டு கனெக்‌ஷனை ஆன் செய்யுங்கள்.