பிபி நார்மல், ஆனால் பல்ஸ் ஏறுகிறது: மறுபடி டாக்டரைக் கூப்பிடலாமா?

வணக்கம் சிஸ்டர். வயிற்று ஆபரேஷன் முடிந்தவருக்கு இரவில் பல்ஸ் 84-லிருந்து 118, பிபி 112/90, ஆள் நிலைகொள்ளாமல் புரள்கிறார், டியூட்டி டாக்டரோ போனில் "நார்மல்தான்" என்று வைத்துவிட்டார், இப்படியான நேரத்தில் மறுபடி கூப்பிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயங்காமல் கூப்பிடுங்கள், உள்ளே இரத்தம் கசிந்துகொண்டிருக்கலாம்.

உடலில் உள்ள சுமார் 5 லிட்டர் இரத்தத்தில் 15 முதல் 30 சதவீதம் இழந்த பிறகும் மேல் பிபி பெரிதாக இறங்காமல் இருக்கலாம். இரத்தக் குழாய்கள் சுருங்கி, இதயம் வேகமாக அடித்து ஈடுகட்டுகிறது. அதனால்தான் கீழ் பிபி ஏறி, மேல் பிபிக்கும் கீழ் பிபிக்கும் வித்தியாசம் வெறும் 22-ஆகச் சுருங்கி நிற்கிறது. ஆபரேஷனுக்கு முன் இருந்த பிபியோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

வலி, காய்ச்சலாலும் பல்ஸ் ஏறும், சரி. ஆனால் முதலில் கை கால் சில்லிட்டிருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். மூச்சை முழு ஒரு நிமிடம் எண்ணுங்கள். 60 கிலோ ஆளுக்கு மணிக்கு 30 மில்லிக்குக் கீழே சிறுநீர் போனால் கவலைப்பட வேண்டும். டிரெய்ன் (வயிற்றுக்குள்ளிருந்து இரத்தம், நீர் வெளியேற வைத்த குழாய்) காலியாக இருப்பதை நம்பவே நம்பாதீர்கள், இரத்தம் உறைந்து அதை அடைத்திருக்கலாம். அப்புறம், பீட்டா பிளாக்கர் (இதயத் துடிப்பைக் குறைக்கும் மருந்து) சாப்பிடுபவருக்குப் பல்ஸ் ஏறாமலே போகலாம்.

போனில் "ஏதோ சரியில்லை" என்பதோடு நிறுத்தாமல், "பல்ஸ் 84-லிருந்து 118, சிறுநீர் குறைவு, உள்ளே இரத்தம் கசிகிறதோ என்று சந்தேகம், நேரில் வந்து பாருங்கள் டாக்டர்" என்று சொல்லுங்கள். வராவிட்டால் ஆபரேஷன் செய்த சர்ஜனையும் நைட் சூப்பரின்டெண்டையும் கூப்பிட்டு, நேரத்தோடு கேஸ் ஷீட்டில் எழுதிவிடுங்கள்.