பழைய கிட்டார் ஆம்பில் வால்வு மாற்றுவது: கேள்வி பதில்

வால்வு என்றால் ஆம்பில் இருக்கும் வெற்றிடக் கண்ணாடிக் குழாய். அறுபதுகளின் ஃபெண்டர், வாக்ஸ் ஆம்ப்கள்தான் எனக்குத் தெரிந்த இடம். பதில்கள் அதற்குள்ளேயே இருக்கும்.

கேள்வி: சார், 1966 ஃபெண்டர் டீலக்ஸ் ரிவெர்ப் கைக்கு வந்திருக்கிறது. ஒன்பது வால்வையும் மாற்றிவிடலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். அந்த ஒன்பதில் ஆறு சின்ன வால்வுகள். அவை இருபது முப்பது வருஷம்கூட உழைக்கும். ஆம்பை ஓடவிட்டு மரக் குச்சியால் ஒவ்வொன்றையும் லேசாகத் தட்டுங்கள். மணி மாதிரி ஒலித்தாலோ கரகரத்தாலோ அதை மட்டும் மாற்றுங்கள். ஏ.சி.யை டி.சி.யாக மாற்றும் ஜி.இசட்.34 வால்வு நன்றாக ஓடினால் தொடவே வேண்டாம்.

முதலில் பார்க்க வேண்டியது பவர் சப்ளையின் எலக்ட்ரோலிடிக் கண்டன்சர்களை. தொழிற்சாலையில் போட்டவையே இன்னும் இருந்தால் அவற்றை மாற்றாமல் புது வால்வு போடுவது வீண் செலவு.

தேய்வது ஸ்பீக்கரை ஓட்டும் பெரிய வால்வுகள், இரண்டு 6வி6. ஜோடி பொருத்தியதாக வாங்குங்கள். போட்டதும் பயாஸ், அதாவது வாசிக்காமல் இருக்கும்போது வால்வில் ஓடும் மின்னோட்டம், பார்க்க வேண்டும். ஃபெண்டர் வரைபடத்தில் பிளேட்டின் (வால்வுக்குள் இருக்கும் உலோகத் தகடு) வோல்டேஜ் 415. வால்வின் உச்ச வரம்பை 14 வாட் என்று கொண்டால் அதில் 70 சதவீதம் 9.8 வாட். 415 ஆல் வகுத்தால் ஒரு வால்வுக்குச் சுமார் 24 மில்லி ஆம்பியர். உங்கள் ஆம்பில் வோல்டேஜ் வேறாக இருக்கும், அதை அளந்துவிட்டுக் கணக்குப் போடுங்கள். 6வி6இன் எட்டாவது பின்னுக்கும் எர்த்துக்கும் நடுவே 1 ஓம் ரெசிஸ்டர் வைத்தால் ஒரு மில்லி வோல்ட் என்பது ஒரு மில்லி ஆம்பியர். வால்வின் ஸ்க்ரீன் என்ற இன்னொரு பாகத்தின் மின்னோட்டமும் அதில் சேர்ந்து வரும், கொஞ்சம் கழித்துக்கொள்ளுங்கள்.

எச்சரிக்கை: பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டன்சர்களில் 400 வோல்ட் நிற்கலாம். ஆளைக் கொல்லும். ரெசிஸ்டர் வழியாக இறக்கி, மீட்டரில் பூஜ்யம் பார்த்த பிறகே கை உள்ளே போகட்டும். பழக்கமில்லை என்றால் மெக்கானிக்கிடம் கொடுங்கள்.

கேள்வி: வாக்ஸ் ஏ.சி.30க்கு எப்படி பயாஸ் வைப்பது?

பதில்: வைக்க வேண்டாம், அது கேத்தோடு பயாஸ், தானே சரிசெய்துகொள்ளும். பொருத்திய நான்கு ஈ.எல்.84 போட்டால் போதும். சூடு அதிகம், சீக்கிரம் தேயும்.

கேள்வி: டீலக்ஸில் ஜி.இசட்.34க்குப் பதில் போட 5யு4 வால்வு கையில் இருக்கிறது...

பதில்: கூடாது. முதலாவதன் ஹீட்டருக்கு 1.9 ஆம்பியர், இரண்டாவதற்கு 3. டீலக்ஸின் டிரான்ஸ்ஃபார்மர் பாவம்.

கேள்வி: ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு டெஸ்ட் செய்யலாமா?

பதில்: கூடவே கூடாது. அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும்.

கேள்வி: பழைய முல்லார்ட் பிராண்டு வால்வு தவிர மற்றதெல்லாம் குப்பைதானே?

பதில்: இல்லை. இங்கிலாந்தின் பிளாக்பர்ன் ஆலையில் வந்தவை அருமையானவை, மறுக்கவில்லை. ஆனால் முல்லார்ட் என்ற பெயரை இன்று ரஷ்யாவின் சராட்டோவில் செய்த வால்விலும் அச்சிடுகிறார்கள். அச்சை நம்பாதீர்கள். கண்ணாடியின் அடிப்பக்கம் பொறித்த குறியீட்டில் இரண்டாவது வரி ‘பி’யில் தொடங்கினால்தான் பிளாக்பர்ன்.

கேள்வி (அவரே): காது இருப்பவனுக்கு வித்தியாசம் தெரியும், சார்.

பதில்: முதல் வால்வில் தெரியலாம். ஒலியை ஏற்றி இறக்கி நடுங்க வைக்கும் ட்ரெமலோ வால்வில் யாருக்குத் தெரியும்?

கேள்வி (இன்னொருவர்): அண்ணன் சொல்வது சரி, நானும் கேட்டிருக்கிறேன்!

பதில்: இரண்டு பேரும் சுவரைப் பார்த்து உட்காருங்கள். நண்பர் ஒருவர் சொல்லாமல் வால்வை மாற்றட்டும். எது எது என்று எழுதிவைத்துவிட்டு வாருங்கள், பேசுவோம். அந்தக் காசுக்கு நல்ல ஸ்பீக்கர் வாங்கினால் வித்தியாசம் பக்கத்து வீட்டுக்கே கேட்கும்.

கேள்வி: எந்த பிராண்டு நல்லது?

பதில்: மேலே பாருங்கள்.

கேள்வி: எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றினால் நிம்மதி அல்லவா?

பதில்: மேலே. முதல் பதில். கண்டன்சர், கண்டன்சர்.

கேள்வி: அமெரிக்காவிலிருந்து ஆம்ப் வருகிறது. சென்னையில் அப்படியே செருகலாமா?

பதில்: 230 வோல்ட்டில் புகை வரும். 120க்கு இறக்கும் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். பழைய இரண்டு பின் வயரை எர்த் உள்ள மூன்று பின் வயராக மாற்றி, கிரவுண்ட் சுவிட்சில் உள்ள கண்டன்சரையும் எடுத்துவிடச் சொல்லுங்கள்.

கேள்வி: வால்வில் நீல ஒளி தெரிகிறது, பயமாக இருக்கிறது.

பதில்: கண்ணாடியின் உள்பக்கம் ஒட்டித் தெரியும் நீலம் சகஜம். பிளேட் சிவந்தால் அந்த நொடியே அணையுங்கள்.

கேள்வி: டிரான்சிஸ்டர் ஆம்ப்?

பதில்: என் துறை இல்லை.

கேள்வி: வால்வு இறுகிவிட்டது, எப்படிக் கழற்றுவது?

பதில்: ஆறட்டும். பெரியதை அடிப்பாகத்தில் பிடித்து லேசாக ஆட்டி எடுங்கள். சின்னதை நேராக மேலே இழுங்கள், வளைத்தால் பின் ஓரத்தில் கண்ணாடி விரியும்.