நல்ல சம்பளம் வந்தும் ஜெயித்த நிறைவு ஏன் வருவதில்லை?

கை நிறையச் சம்பாதித்தும் மற்றவர்களைவிடப் பின்தங்கியதாகவே தோன்றுகிறது, ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். உங்களிடம் குறை எதுவும் இல்லை. பணத்தைத் தனியாக எண்ணிவிடலாம். அந்தஸ்தைப் பக்கத்தில் இன்னொருவரை நிறுத்தித்தான் அளக்க முடியும். ஒரு படி ஏறியதும் அந்த இன்னொருவரும் மாறிவிடுகிறார். நேற்று சக ஊழியர், இன்று மேலாளர்.

1998-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் ஒரு கேள்வி கேட்டார்கள்: மற்றவர்கள் 25,000 டாலர் சம்பாதிக்கும்போது உங்களுக்கு 50,000 வேண்டுமா, அல்லது மற்றவர்கள் 2 லட்சம் சம்பாதிக்கும் இடத்தில் 1 லட்சம் வேண்டுமா? ஏறத்தாழ பாதிப் பேர் முதலாவதைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆனால் விடுமுறை நாட்களைப் பற்றி இதே மாதிரி கேட்டபோது, பெரும்பாலோர் அடுத்தவருக்கு எத்தனை நாள் என்று பார்க்கவில்லை. தமக்கு அதிக நாட்கள் கிடைத்தால் போதும் என்றார்கள். எனக்கு மிக முக்கியமாகப் படுவது இந்த வித்தியாசம்தான்.

அதற்காகப் பணம் தேவையில்லை என்று சொல்லவே மாட்டேன். கடன் பயமும் மருத்துவச் செலவு பயமும் நீங்குவது பெரிய விடுதலை. அப்புறம் வரும் சம்பள உயர்வில் ஒரு பங்கையாவது நேரமாக மாற்றிப் பாருங்கள்: வேலை நேரத்தைக் கொஞ்சம் குறைப்பது, அலுவலகத்துக்கு அருகில் குடிபோவது என்று.